வெப் ஹோஸ்டிங் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப் ஹோஸ்டிங் என்பது உங்கள் தளத்தின் கோப்புகளை வைக்க, எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினியில் (சர்வர்) இடம் வாடகைக்கு எடுப்பது. புதிதாக இணையதளம் தொடங்குகிறவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். எனக்கும் தெரிந்தவர்களுக்குமாகச் சில தளங்களைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். இதுவரை நான்கு ஹோஸ்டிங் நிறுவனங்கள் மாறியாயிற்று. எந்த நிறுவனத்தை வாங்கலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு நிறுவனத்தின் விலைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது, என்ன கேட்பது என்பதுதான் விஷயம்.

எல்லா நிறுவனமும் ஒரே பட்டியலைத்தான் காட்டுகிறது. எதை வைத்து ஒப்பிடுவது?

ஒரே மாதிரித் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. சி-பேனல் (கணக்கை நிர்வகிக்கும் கண்ட்ரோல் பேனல்), கிளவுட்லினக்ஸ் (சர்வரின் இயங்குதளம்), லைட்ஸ்பீட் (பக்கங்களை அனுப்பும் மென்பொருள்) என்று ஏறக்குறைய அதே மென்பொருள்களைத்தான் பல நிறுவனங்களும் உரிமம் வாங்கிப் பயன்படுத்துகின்றன. சில சமயம் முதலாளியும் ஒருவரே. ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் 2021இல் உருவான நியூஃபோல்டு டிஜிட்டலின் கீழ் இருப்பவை. அந்த இரண்டில் எது நல்லது என்று இரவெல்லாம் உட்கார்ந்து ஒப்பிடுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

அதனால் வசதிப் பட்டியலை நான் கடைசியில்தான் படிப்பேன். இரண்டாவது பில் எவ்வளவு வரும், தளம் அழிந்துபோனால் யார் எப்படி மீட்பது, பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது, இந்த மூன்றும் முதலில். பணம் கட்டிய முதல் வாரம் எல்லா நிறுவனமும் நன்றாகத்தான் கவனித்துக்கொள்ளும்.

ஷேர்டு, வி.பி.எஸ்., கிளவுட் என்கிறார்களே, எனக்கு எது வேண்டும்?

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள் குடியிருக்கும். வி.பி.எஸ். என்றால் ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளால் பிரித்து, உங்களுக்கென்று நினைவகமும் பிராசஸரும் ஒதுக்கிய ஒரு பங்கு. கிளவுட் என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சில இடங்களில் அது உண்மையாகவே பல இயந்திரங்களில் பரவிய அமைப்பு. சில இடங்களில் சாதாரண வி.பி.எஸ்.க்குச் சூட்டிய புதுப் பெயர். "ஒரு இயந்திரம் பழுதானால் என் தளம் தானாக வேறொன்றுக்கு மாறுமா?" என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அறிமுகத் தளம், வலைப்பூ, சிறு கடை என்றால் நல்ல ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். வி.பி.எஸ். விலை மலிவாகத் தெரிகிறது என்று தாவுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நிர்வாகம் செய்து தரப்படுவதா, இல்லையா? இல்லை என்றால் பாதுகாப்பு அப்டேட், ஃபயர்வால், பேக்கப், நள்ளிரவில் டேட்டாபேஸ் நின்றுபோனால் எழுந்து பார்ப்பது எல்லாம் உங்கள் வேலை. விலை குறைந்ததற்குக் காரணம் அந்த ஆள்கூலி அதில் இல்லாததுதான்.

"அன்லிமிடெட்" என்றால் உண்மையிலேயே அளவில்லையா?

இல்லை. ஹார்டு டிஸ்க்குக்கு அளவு உண்டு, ஆகவே அதை வாடகைக்கு விடுகிறவருக்கும் உண்டு. அளவு விளம்பரத்தில் இருக்காது. நியாயப் பயன்பாட்டு விதிமுறைக்குள் இருக்கும்.

நடைமுறையில் உங்களைத் தடுப்பது இடம் அல்ல, வேறு மூன்று நான்கு எண்கள். முதலாவது ஐநோடு, அதாவது எத்தனை கோப்புகளும் கோப்புறைகளும் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு. இது எதிர்பாராத வேகத்தில் நிரம்பும். வேர்ட்பிரஸில் (தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் மென்பொருள்) ஒரு படம் ஏற்றினால் அது வெவ்வேறு அளவுகளில் ஐந்தாறு நகல்களை உருவாக்கி வைக்கும். பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனித்தனிக் கோப்பு. பத்து வருட மெயிலை அழிக்காமல் வைத்திருக்கும் ஒரே ஒருவர் போதும், இடம் பாதி காலியாக இருக்கும்போதே கணக்கு நிரம்பிவிடும்.

அப்புறம் பிராசஸர் நேரம், நினைவகம், டிஸ்கில் எழுதிப் படிக்கும் வேகம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிராசஸ் எண்ணிக்கை. கிளவுட்லினக்ஸ் ஓடும் சர்வர்களில் கடைசியாகச் சொன்ன வரம்பைத் தொட்டால் பார்வையாளருக்கு 508 என்ற எண்ணோடு ஒரு பிழைப் பக்கம் வரும். உங்கள் தளத்துக்கு நல்ல கூட்டம் வரும் அந்த ஒரு நாளில்தான் அது வரும் என்பது தனிச் சோகம். ஆகவே வாங்கும் முன் இந்த எண்களை எழுத்தில் கேளுங்கள். நேராகச் சொல்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. "உங்கள் தளத்துக்குத் தாராளமாகப் போதும்" என்று மட்டும் பதில் வந்தால், எண் சொல்லக் கூச்சப்படும் அளவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

பாண்ட்வித், அதாவது மாதத்துக்கு உங்கள் தளத்திலிருந்து வெளியே போகும் டேட்டா, எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்குப் போடலாம். ஒரு பக்கம் 2 எம்.பி., மாதம் 50,000 முறை பார்க்கப்படுகிறது என்றால் ஏறக்குறைய 100 ஜி.பி. பெரும்பாலான சிறு தளங்கள் இதன் பக்கத்தில்கூட வருவதில்லை. அன்லிமிடெட் பாண்ட்வித் தைரியமாகக் கொடுக்கப்படுவதன் ரகசியம் அதுதான்.

99.9 சதவீத அப்டைம் நல்லதா?

அப்டைம் என்றால் தளம் விழாமல் இயங்கும் நேரம். 99.9 என்று கேட்க நன்றாக இருக்கும். 30 நாள் மாதத்தில் அது சுமார் 43 நிமிடம் தளம் விழுந்து கிடக்க அனுமதி. 99.5 என்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். 99.99 என்றால் நான்கு நிமிடம் சொச்சம்.

உத்தரவாதத்தில் எண்ணைவிட எதைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம். முன்னறிவித்த பராமரிப்பு நேரம் பொதுவாகச் சேராது. சில ஒப்பந்தங்களில் நெட்வொர்க் இயங்கினாலே போதும், உங்கள் டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் அது அப்டைம்தான். நஷ்டஈடும் நீங்கள் இழந்த வியாபாரத்துக்குக் கிடைக்காது. மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை அடுத்த பில்லில் கழிப்பார்கள், அதையும் பல இடங்களில் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். அதனால் உத்தரவாத எண்ணுக்காக நான் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. வெளியிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை தளத்தைத் தட்டிப் பார்க்கும் இலவச மானிட்டர் சேவை ஒன்றை வைத்துக்கொண்டால் உண்மை எண் கையில் இருக்கும்.

விலைப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுச் சாம்பல் நிறத்தில் சிறிதாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் புதுப்பித்தல் விலை இருக்கும்.

எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், வெறும் எண்ணாகப் பார்ப்போம். முதல் நிறுவனம் மாதம் 3 என்கிறது; மூன்று வருடத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால்தான் அந்த விலை; அதன் பிறகு மாதம் 11. இரண்டாவது நிறுவனம் எப்போதும் மாதம் 6. விளம்பரத்தில் முதலாவது பாதி விலை. ஆறு வருடக் கணக்கைப் போட்டால் முதலாவதற்கு 36 மாதம் 3 வீதம் 108, அடுத்த 36 மாதம் 11 வீதம் 396, ஆக 504. இரண்டாவதற்கு 72 மாதம் 6 வீதம் 432. போதாததற்கு முதலாவதில் 108ஐ முதல் நாளே கொடுத்துவிட்டீர்கள். நடுவில் பிடிக்கவில்லை என்றாலும் மீதி திரும்பி வருவது கஷ்டம்.

"மூன்று வருடம் முடிந்ததும் மாறிவிட்டால் லாபம்தானே?" என்று கேட்பார்கள். கணக்குச் சரி. ஆனால் மாறுகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் மாறுவதில்லை என்பது நான் பார்த்த அளவில் உண்மை. பத்து மெயில் ஐடி, ஒரு கடை, மூன்று வருடக் கட்டுரைகள் என்று ஆனபிறகு நகர யாருக்கும் மனம் வராது. நிறுவனத்துக்கும் அது தெரியும்.

அடுத்து, கூடையில் பொருள் சேர்த்தபிறகு வரும் பக்கம். தளப் பாதுகாப்பு, கூடுதல் பேக்கப், தேடுபொறிக் கருவி என்று நான்கைந்து பெட்டிகளில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வரியும் சேர்ந்த மொத்தத்தைப் பாருங்கள். "இலவச டொமைன்" (டொமைன் என்பது தளத்தின் இணைய முகவரிப் பெயர்) முதல் வருடத்துக்குத்தான். இரண்டாம் வருட விலையைத் தனியாகப் பாருங்கள். 30 நாள் ரீஃபண்ட் என்றாலும் அந்த இலவச டொமைனின் விலையைக் கழித்துக்கொண்டு தருவதே வழக்கம்.

விலை ஏறுவதற்கு எப்போதும் நிறுவனத்தின் பேராசைதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 2019இல் சி-பேனல் தன் உரிமக் கட்டணத்தை, சர்வருக்கு இவ்வளவு என்பதிலிருந்து கணக்குகளின் எண்ணிக்கைப்படி என்று மாற்றியது. ஒரே சர்வரில் நிறையக் கணக்குகள் வைத்திருந்த சிறு நிறுவனங்களுக்குச் செலவு எகிறியது. சிலர் டைரக்ட்அட்மின் போன்ற மாற்றுக்குப் போனார்கள், சிலர் வாடிக்கையாளர் தலையில் ஏற்றினார்கள். சி-பேனல் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு நிறுவனத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிக் காக்கும் இந்தச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற சேவை 2015 முதல் இலவசமாகவே தருகிறது. சாதாரணத் தளத்துக்கு அது போதும், பூட்டின் பலத்தில் குறைவொன்றும் இல்லை. அடிப்படைச் சான்றிதழைக் காசுக்கு விற்கும் நிறுவனத்தில் மற்ற விலைகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். கேட்க வேண்டியது ஒன்றே: புதுப்பித்தல் தானாக நடக்குமா? சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் முதல் அதிகபட்சம் 47 நாள்தான் என்று முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பிக்கும் வேலை இனி ஆகாது.

சர்வர் எங்கே இருந்தால் என்ன, இணையம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

தூரம் தூரம்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 100 மில்லி வினாடி. ஒரு புதிய பார்வையாளருக்கு இணைப்பு ஏற்படுத்த ஒருமுறை, பாதுகாப்புக் கைகுலுக்கலுக்கு ஒருமுறை, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒருமுறை போய்வர வேண்டும். எவ்வளவு வேகமான சர்வராக இருந்தாலும் முதல் எழுத்து வருவதற்கு முன்பே 300 மில்லி வினாடி போய்விட்டது. எனவே வாசகர்கள் அதிகம் உள்ள பகுதிக்குப் பக்கத்தில் டேட்டா சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சி.டி.என். (தளத்தின் நகல்களைப் பல ஊர்களில் வைத்துத் தரும் சேவை) வைத்தால் படங்கள் பக்கத்திலிருந்து வரும்; ஆனால் கடை, லாகின் போன்ற பக்கங்களுக்குப் பயணம் மூல சர்வர் வரைக்கும்தான்.

தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்கிறார்களே, போதாதா?

போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நண்பர் ஒருவரின் தளத்தில் ஒரு பிளகின் (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள்) அப்டேட் தவறாகி டேட்டாபேஸ் குழம்பிவிட்டது. கவலைப்படவில்லை, விலைப் பக்கத்தில் தினசரி பேக்கப் என்று போட்டிருந்ததே. டிக்கெட் (நிறுவனத்துக்கு அனுப்பும் உதவிக் கோரிக்கை) போட்டால் பதில்: கணக்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதால் ஐந்து வாரமாக பேக்கப் ஓடவில்லை. விதிமுறையில் ஒரு வரி இருந்தது, உண்மைதான். எங்களுக்கு யாரும் ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. ஐந்து வாரக் கட்டுரைகளைத் தேடுபொறியின் சேமிப்புப் பக்கங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தோம்.

பேக்கப் ஓடியிருந்தாலும் அது எங்கே கிடக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் வளாகத்தில் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். பெரிய நிறுவனம் என்பதால் நெருப்பு விலகிப் போகவில்லை.

கேட்க வேண்டியவை: எத்தனை நாள் பழைய நகல்கள் இருக்கும்? வேறு இடத்தில் இருக்கின்றனவா? ஒரே ஒரு கோப்பையோ டேட்டாபேஸையோ மட்டும் நானே மீட்க முடியுமா, அல்லது டிக்கெட் போட வேண்டுமா? மீட்டுத் தர தனிக் கட்டணம் உண்டா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள், பேக்கப் இலவசம், மீட்பு காசு என்று வைத்திருப்பவர்கள் உண்டு. இதெல்லாம் திருப்தியாக இருந்தாலும் வாரம் ஒரு நகலை அந்த நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சப்போர்ட் எப்படி என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். விற்பனை லைவ் சாட்டில் முப்பது வினாடியில் பதில் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் விற்பவர். வாரக் கடைசியில், இரவில், டிக்கெட் மூலமாகவோ மெயில் மூலமாகவோ ஒரு தொழில்நுட்பக் கேள்வி அனுப்புங்கள். நான் வழக்கமாகக் கேட்பது: "பி.எச்.பி.யின் எந்தப் பதிப்புகள் இருக்கின்றன, தளத்துக்குத் தளம் வேறு பதிப்பு வைக்கலாமா? கிரான் ஜாப் குறைந்தபட்சம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடலாம்? எஸ்.எஸ்.எச். அனுமதி இந்தத் திட்டத்திலேயே உண்டா?" (பி.எச்.பி. என்பது வேர்ட்பிரஸ் போன்றவை எழுதப்பட்ட மொழி, கிரான் ஜாப் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை, எஸ்.எஸ்.எச். சர்வருக்குள் கட்டளை கொடுத்து வேலை செய்யும் பாதுகாப்பான வழி.)

மூன்று கேள்வி கேட்டது வேண்டுமென்றேதான். மூன்றுக்கும் வரிசையாகப் பதில் வந்தால் படித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லி, உதவிப் பக்கத்தின் இணைப்பு ஒன்றை ஒட்டி, "வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று முடித்தால், பிரச்சினை நாளிலும் அதே நடக்கும். "கேஷை கிளியர் செய்து பாருங்கள்" (கேஷ் என்பது வேகத்துக்காகச் சேமித்து வைத்த நகல்) என்பதை நான்கு வெவ்வேறு பெயர்களிடமிருந்து நான்கு முறை கேட்க வேண்டியிருக்கும். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதி மறுநாள் உண்மையிலேயே சொன்ன ஒரு சிறு நிறுவனத்தில்தான் இப்போது இருக்கிறேன்.

அவர்களுடைய உதவிப் பக்கங்களையும் புரட்டுங்கள். படங்களில் இருக்கும் கண்ட்ரோல் பேனல் பல வருடப் பழையது, பி.எச்.பி. 7.4ஐத்தான் பரிந்துரைக்கிறது என்றால் (அதற்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது) அங்கே யாரும் வீடு பெருக்குவதில்லை. சேவை நிலவரப் பக்கம் இருந்தால் பழைய பதிவுகளைப் படியுங்கள். பிரச்சினையே வந்ததில்லை என்று காட்டும் பக்கத்தைவிட, எத்தனை மணிக்கு எது உடைந்தது, ஏன், என்ன சரிசெய்தார்கள் என்று எழுதி வைத்திருக்கும் பக்கம் எனக்கு நம்பிக்கை தருகிறது.

"15 நிமிடத்தில் பதில்" என்பது தீர்வுக்கான நேரம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் டிக்கெட் கிடைத்தது" என்பதும் அவர்கள் கணக்கில் ஒரு பதில்.

விமர்சனத் தளங்களை நம்பலாமா?

"சிறந்த 10 ஹோஸ்டிங்" வகைப் பட்டியல்களில் பெரும்பாலானவை ரெஃபரல் கமிஷனில் ஓடுபவை. யார் அதிகம் தருகிறாரோ அவர் முதலிடம் என்று எல்லோரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் கமிஷன் தராத நிறுவனம் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அபூர்வம். வாங்கிய வாரத்தில் எழுதிய ஐந்து நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு வருடம் இருந்தவர்கள் எழுதிய மூன்று நட்சத்திரங்களைத் தேடிப் படியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும்.

மின்னஞ்சலும் அதே ஹோஸ்டிங்கில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். வியாபாரம் மெயிலை நம்பி ஓடுகிறது என்றால் வேண்டாம் என்பேன். ஷேர்டு சர்வரில் ஐ.பி. முகவரி (இணையத்தில் அந்தச் சர்வரின் எண் முகவரி) எல்லோருக்கும் பொது. பக்கத்துக் கணக்கு ஒன்று ஹேக் ஆகி ஸ்பேம் அனுப்பினால் உங்கள் விலைப்பட்டியலும் எதிராளியின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். எங்கே வைத்தாலும் எஸ்.பி.எஃப்., டி.கிம்., டி-மார்க் (மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள்) மூன்றும் அமைக்க வழி இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு (கூகுள் கணக்கில் நாளுக்கு ஏறக்குறைய 5,000 அல்லது அதற்கு மேல்) கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன. சிறியவர்களுக்கும் இவை இருந்தால்தான் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேரும். மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்ற வரம்பையும் கேளுங்கள். மெயில் தனியாக இருந்தால் ஹோஸ்டிங் மாறுவதும் பாதி சுலபமாகிவிடும்.

டொமைனையும் அங்கேயே வாங்கலாமா?

தனியாக வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனம்) வாங்குங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தோடு தகராறு வந்தால் டி.என்.எஸ்.ஸை (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகள்) மாற்றிவிட்டு நகர்ந்துவிடலாம். சாவி உங்கள் கையில் இருக்கும். ஏற்கெனவே அங்கே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஐகான் (டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் அமைப்பு) விதிப்படி, டாட் காம் போன்ற டொமைன்களை வாங்கிய முதல் 60 நாளுக்கு வேறு இடத்துக்கு மாற்ற ரெஜிஸ்ட்ரார் மறுக்கலாம். அதன் பிறகு அங்கீகாரக் குறியீட்டைக் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ளலாம். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கிற டொமைன்கள் ஏராளம்.

வாங்கிவிட்டேன். ரீஃபண்ட் காலத்துக்குள் என்ன பார்க்க வேண்டும்?

உண்மையான தளத்தை ஏற்றுங்கள், வெறும் பக்கத்தை வைத்து வேகம் பார்ப்பதில் பயனில்லை. காலை, மாலை, இரவு என்று வெவ்வேறு நேரத்தில், கேஷ் இல்லாமல், சர்வரிலிருந்து முதல் பைட் (பதிலின் முதல் துளி) வர எவ்வளவு ஆகிறது என்று அளந்து பாருங்கள். 0.8 வினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் தரும் அளவுகோல். சராசரியைவிட நேரத்துக்கு நேரம் எவ்வளவு தாவுகிறது என்பதைக் கவனியுங்கள். மாலையில் மட்டும் மூன்று மடங்கு ஆகிறது என்றால் சர்வரில் கூட்டம் அதிகம். பிறகு தளத்தை வேண்டுமென்றே அழித்து, அவர்களுடைய பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். பயமாக இருந்தால் சோதனைக்கென்று இன்னொரு நகலை ஏற்றி அதை அழியுங்கள். ஆட்டோ ரினீவலை எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு நிறுவனத்துக்கு மாறும்போது தளம் நின்றுபோகுமா?

நிற்காமல் மாறலாம். இரண்டு நாளுக்கு முன்பே டி.என்.எஸ். பதிவுகளின் டி.டி.எல்.லை (பழைய பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். புது இடத்தில் கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஏற்றி, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (டி.என்.எஸ்.ஸைக் கேட்கும் முன் கணினி பார்க்கும் முகவரிப் பட்டியல்) புது ஐ.பி.யைப் போட்டு, நீங்கள் மட்டும் பார்த்துச் சோதியுங்கள். படிவம், லாகின், பணம் கட்டும் பக்கம் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்தபிறகு டி.என்.எஸ்.ஸை மாற்றுங்கள். கடை என்றால் மாற்றும் அந்த ஒரு மணி நேரம் ஆர்டர் எடுப்பதை நிறுத்தி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் பழைய டேட்டாபேஸில் நான்கு ஆர்டர் அநாதையாகக் கிடக்கும்.

பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். இரண்டு வாரமாவது இருக்கட்டும். அங்கே ஏதாவது மெயில் தங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டு, பிறகு ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததை உறுதிப்படுத்தும் மெயிலைக் கேட்டு வாங்கி வையுங்கள், கார்டு விவரத்தையும் நீக்கிவிடுங்கள். நான் மூடிவிட்டேன் என்று நினைத்த ஒரு கணக்குக்கு அடுத்த வருடமும் பணம் போனது. அந்த ரத்துப் படிவத்தில் இரண்டாவது பக்கம் ஒன்று இருந்திருக்கிறது, நான் கீழே உருட்டிப் பார்க்கவில்லை.